சிம்னி கொதிக்கிறது, டிரையர் குளிர்கிறது: ஒரு தேயிலை ஸ்டோர் அடுப்பில் வெப்ப இடமாற்றம்

இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்தில் உள்ள ஒரு தோட்டம். ஆடி மாதம், தென்மேல் பருவமழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த நாட்கள். பொறியியல் பட்டப்படிப்பின் தொழிற்பயிற்சிக்காக அந்தத் தோட்டத்து ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, நான் அனுப்பப்பட்டிருந்தேன். வெப்ப இடமாற்றம் என்ற பாடத்தில் அதற்கு முந்தைய பருவத்தில்தான் நல்ல புள்ளி எடுத்திருந்தேன். அந்தப் பாடத்தை உண்மையில் படித்தது இந்த ஸ்டோரின் அடுப்படியில்தான். இப்போது அதே பாடத்தைத் தமிழில் படிக்கும் மாணவர்களுக்காக, நடந்ததை நடந்த ஒழுங்கிலேயே, என் பிழையையும் சேர்த்து எழுதுகிறேன்.

சிக்கல் இதுதான். இலையைச் சூடான காற்றால் உலர்த்தும் டிரையரிலிருந்து வெளிவரும் தேயிலையில் ஈரம் 3% அளவில் இருக்க வேண்டும். மூன்று வாரமாக அது 6 சதவீதத்துக்குக் கிட்ட நின்றது. அந்த ஈரத்தோடு மூட்டை கட்டினால் தேயிலை கிடங்கிலேயே கெடும். கோப்பையில் ஊற்றிச் சுவைத்தபோது சாயத்தின் சுறுசுறுப்பு போய், அவித்த இலையின் மந்தம் ஏறியிருந்தது. தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர், டிரையருக்குள் இலையைச் சுமக்கும் தட்டுகளின் ஓட்டத்தை மெதுவாக்கினார், இலை போடும் அளவைக் குறைத்தார். அதனால் இரவு பத்து மணிக்கு முடிய வேண்டிய வேலை விடியும் வரை இழுத்தது.

முதல் நாள் அடுப்படிக்குப் போனபோது, இருபது வருடத்துக்கு மேல் அந்த அடுப்புக்கு விறகு போட்டுவந்த அண்ணன் ஒருவர் சொன்னதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். "விறகு முந்தியவிட கூட குடிக்குது தம்பி. சிம்னிப் பக்கம் நிக்க முடியல, அவ்வளவு சூடு. ஆனா அந்தப் பக்கம் டிரையர் பச்சத்தண்ணி மாதிரி கெடக்கு." எழுதினேனே தவிர, அதன் பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை. நோயின் பெயரையே அவர் சொல்லிவிட்டார் என்பது நான்கு நாள் கழித்துத்தான் புரிந்தது.

அடுப்பும் டிரையரும்

அடுப்பில் விறகு எரிகிறது. புகை வாயு நூற்றுக்கு மேற்பட்ட இரும்புக் குழாய்களுக்கு உள்ளே ஓடிச் சிம்னிக்குப் போகிறது. அதே குழாய்களுக்கு வெளியே சுத்தமான காற்றை விசிறி இழுத்துச் செல்கிறது. புகையும் காற்றும் ஒன்றையொன்று தொடுவதேயில்லை, தொட்டால் தேயிலையில் புகை நாற்றம் ஏறிவிடும். சூடான காற்று டிரையரின் அடியில் நுழைந்து, சங்கிலியில் நகரும் துளைத் தட்டுகளின் மேல் பரப்பிய இலையை ஊடுருவி மேலே வெளியேறுகிறது. இலை மேலே விழுந்து, தட்டுத் தட்டாகக் கீழே இறங்கி, இருபது நிமிடமளவில் கறுத்த தேயிலையாக வெளிவருகிறது.

1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்கிய காலத்தில் இலையைக் கரி நெருப்பின் மேல் தட்டில் வைத்துத்தான் காயவைத்தார்கள். அசாமில் தோட்டம் பார்த்த சாமுவேல் டேவிட்சன் 1881 இல் பெல்பாஸ்டில் சிரோக்கோ பட்டறையைத் தொடங்கி, சூடாக்கிய காற்றால் உலர்த்தும் இயந்திரங்களைச் செய்தார். இன்றைய டிரையர்களின் அடிப்படை அதுவே. நெருப்பு இலையிடமிருந்து விலகிப் போனது. அப்படி விலகியதால் நெருப்புக்கும் இலைக்கும் நடுவே வெப்பம் கடக்க வேண்டிய படிகள் கூடின. நம் சிக்கலும் அந்தப் படிகளில் ஒன்றில்தான் இருந்தது.

எவ்வளவு வெப்பம் தேவை என்று முதலில் பார்த்தோம். இந்த டிரையர் மணிக்கு 180 கிலோ தேயிலை தரும். 3% ஈரத்தைக் கழித்தால் அதில் உலர்பொருள் 174.6 கிலோ. உள்ளே போகும் இலையில் ஈரம் 55% என்றால் அதன் எடை 388 கிலோ. ஆக, மணிக்கு 208 கிலோ தண்ணீர் ஆவியாக வேண்டும். ஒரு கிலோவுக்கு மறைவெப்பம் 2,400 கிலோயூல் என வைத்தால் அதற்கு மட்டும் 139 கிலோவாட். இலையைச் சூடாக்கவும் டிரையர் உடம்பில் இழக்கவும் இன்னும் ஒரு பத்துச் சதவீதம், மொத்தம் 153 கிலோவாட். காற்று 95 பாகை செல்சியசில் உள்ளே போய் 52 பாகையில் வெளியே வந்தால் இந்த அளவைக் கொடுக்க முடியும். வெளிக்காற்று 25 பாகை. ஆகவே அடுப்பு அந்தக் காற்றை 25 இலிருந்து 95 வரை, 70 பாகை உயர்த்தித் தர வேண்டும். அதற்கு ஏறக்குறைய 250 கிலோவாட். அடுப்பின் தகட்டிலும் அதே எண்தான் பொறித்திருந்தது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. காற்றின் முதல் 27 பாகை, அதாவது 25 இலிருந்து 52 வரை, இலைக்குப் பயன்படுவதில்லை, அது வெளியேறும் காற்றோடு போய்விடும். இலைக்குக் கிடைப்பது 52 க்கு மேலுள்ள 43 பாகை மட்டும். உள்வரும் காற்று 95 இலிருந்து, நான் அளந்தபோது இருந்த 81 க்கு இறங்கினால் அடுப்பின் வேலை ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது, ஆனால் 43 என்பது 29 ஆகி, உலர்த்தும் சக்தி மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. 14 பாகை என்று கேட்க அற்பமாகத் தெரியும். ஸ்டோரில் எல்லாருக்கும் அப்படித்தான் தெரிந்தது, அதனால்தான் மூன்று வாரம் ஓடிப்போனது.

சாயம் ஏன் மந்தமானது என்பதும் இதோடு சேர்ந்ததே. ஈரம் மேற்பரப்பில் இருக்கும் வரை, 95 பாகைக் காற்று வீசினாலும் இலையின் வெப்பநிலை 40 பாகைக்குக் கீழேயே நிற்கும். வரும் வெப்பமெல்லாம் ஆவியாதலுக்கே செலவாகிவிடும். உலர்த்தல் மெதுவானால் இலை அந்த வெதுவெதுப்பான ஈர நிலையில் நெடுநேரம் கிடக்கும். நொதியங்கள் அடங்காமல் தொடர்ந்து வேலை செய்யும். வேகம் குறைந்த டிரையர் இலையை உலர்த்தாமல் அவிக்கிறது.

மானி சொன்ன பொய்

காற்றின் வெப்பநிலை உண்மையில் 81 தானா என்பதிலேயே முதலில் குழப்பம். டிரையர் வாயிலில் இருந்த வட்ட மானி 190 பாகை ஃபாரன்ஹைட், அதாவது 88 செல்சியஸ் காட்டியது. நான் கொண்டுபோன வெப்பவிணை (இரு உலோகக் கம்பிகளின் இணைப்பால் வெப்பநிலை அளக்கும் கருவி) அதே இடத்தில் 81 காட்டியது. இரண்டையும் கொதிநீரில் வைத்துப் பார்த்தேன். அந்த உயரத்தில் தண்ணீர் 96 பாகைக்குச் சற்றுக் கீழே கொதிக்கும், இரண்டும் அதைச் சரியாகவே காட்டின. மானி பழுதில்லை, அது வைக்கப்பட்ட இடம்தான் பிழை.

மானியின் முனை காற்றோட்டத்தில் இருந்ததோடு, அடுப்பின் சூடான குழாய்களையும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. காற்று மேற்காவுகையால், அதாவது தழுவி ஓடி வெப்பம் மாற்றுவதால், அதை 81 க்கு இழுக்கிறது, குழாய்கள் கதிர்வீசலால் அதை மேலே தள்ளுகின்றன. இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் அது நின்றுகொள்கிறது. பளபளப்பான தகரத் துண்டொன்றை வளைத்து முனைக்கு மறைப்பாக வைத்தோம், மானி 178 ஃபாரன்ஹைட்டுக்கு இறங்கியது. வெப்பமானி காற்றின் வெப்பநிலையைக் காட்டுவதில்லை, தன் வெப்பநிலையைத்தான் காட்டுகிறது. வகுப்பில் இதைக் கேட்டிருக்கிறேன், அந்தத் தகரத் துண்டு வரைக்கும் நம்பியதில்லை.

என் பிழை

அடுத்து, அடுப்பு எத்தனை கிலோவாட் தருகிறது என்று கணக்கிட்டேன். காற்றுவேகமானியால் விசிறி வாயில் பல புள்ளிகளில் அளந்து பார்த்ததில் காற்றோட்டம் விநாடிக்கு 3.46 கன மீற்றர். அடர்த்திக்குப் பாடநூல் அட்டவணையில் 25 பாகைக்கு உள்ள 1.18 ஐ எடுத்தேன். பெருக்கினால் விநாடிக்கு 4.1 கிலோ. வெப்பநிலை உயர்வு 56 பாகை. விடை 232 கிலோவாட்.

தகட்டில் 250. குறைவு 7% தான். அடுப்பு நன்றாகத்தான் இருக்கிறது, குற்றம் வேறெங்கோ என்று முடிவுகட்டினேன். இரண்டு நாட்கள் டிரையரின் தட்டு இடுக்குகளிலும் காற்றுக் குழலின் இணைப்புகளிலும் கசிவு தேடி அலைந்தேன்.

அட்டவணை கடல் மட்டத்துக்கு எழுதப்பட்டது. 1,270 மீற்றரில் வளிமண்டல அமுக்கம் 101 அல்ல, ஏறக்குறைய 87 கிலோபாஸ்கல். காற்றின் அடர்த்தி அதே விகிதத்தில் 1.02 க்கு இறங்குகிறது. விசிறி இழுக்கும் கனவளவு மாறாது, ஆனால் அந்தக் கனவளவுக்குள் இருக்கும் காற்றின் திணிவு குறைவு. வெப்பத்தைச் சுமப்பது திணிவுதான். திருத்திக் கணக்கிட்டால் விநாடிக்கு 3.52 கிலோ, 199 கிலோவாட். குறைவு ஏழு சதவீதமல்ல, இருபது. அடுப்பிலிருந்து 50 கிலோவாட் காணாமல் போயிருந்தது.

மலையிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். மலையேறினால் மூச்சு வாங்குவது தெரியும், தண்ணீர் சீக்கிரம் கொதிப்பது தெரியும். கணக்கில் மட்டும் கொழும்புக் காற்றைப் போட்டிருந்தேன். நுவரெலியா 1,868 மீற்றர், அங்கே இந்தப் பிழை இன்னும் பெரிதாகும். மலையகத்தில் விசிறி, அடுப்பு, டிரையர் எதைக் கணக்கிட்டாலும் முதல் வரியில் உள்ளூர் அமுக்கத்தை எழுதுங்கள்.

ஆளாளுக்கு ஒரு காரணம்

இதற்கிடையில் ஸ்டோரில் எல்லாரிடமும் ஒரு விளக்கம் இருந்தது. எதுவும் முட்டாள்தனமானதல்ல.

டீமேக்கர் மழைக் கொழுந்தைச் சொன்னார். வாட்டு, அதாவது பறித்த இலையை முதலில் வாடவைப்பது, சரியாக இல்லாமல் இலை 60% ஈரத்தோடு வந்தால் ஆவியாக வேண்டிய தண்ணீர் 208 இலிருந்து 256 கிலோவாகும், கிட்டத்தட்ட கால்பங்கு கூடுதல் சுமை. அவர் சொன்னது உண்மை, அந்தச் சுமையும் இருக்கவே செய்தது. ஆனால் காற்று இலையைச் சந்திப்பதற்கு முன்பே 81 பாகையில்தான் வருகிறது. இன்னும் சந்திக்காத இலை காற்றைக் குளிரவைக்க முடியாது.

தோட்டத்து முகாமையாளரான பெரிய துரை காற்றுக் குழலுக்குக் காப்புறை போட விலை கேட்டிருந்தார். குழலின் பரப்பு பத்துச் சதுர மீற்றர், வெறும் தகடு. அதிலிருந்து போவது ஐந்தாறு கிலோவாட். போட வேண்டிய காப்புறைதான், ஆனால் தேடும் ஐம்பதில் அது பத்தில் ஒரு பங்கு.

விசிறியின் வேகத்தைக் கூட்டலாம் என்றார் மெக்கானிக். இதற்கும் குழாய்கள் பழையவை, தடிப்பான இரும்பு, மெல்லிய குழாய் போட்டால் வெப்பம் கடக்கும் என்று இன்னொருவர் சொன்னதற்கும் பதில் ஒரே படத்தில் கிடைத்தது. அந்தப் படம்தான் இந்த ஆய்வின் மையம்.

தடைகளைத் தொடரில் வைத்தல்

1822 இல் ஃபூரியே தன் நூலில் வைத்த விதி எளியது: ஒரு சுவரின் ஊடாகப் போகும் வெப்ப வீதம், கடத்தாறு (அந்தப் பொருள் வெப்பத்தைக் கடத்தும் திறன்), பரப்பு, வெப்பநிலை வேறுபாடு ஆகியவற்றுக்கு நேர்விகிதம், தடிப்புக்கு நேர்மாறு. அதைத் திருப்பி எழுதினால் சுவருக்கு ஒரு வெப்பத்தடை கிடைக்கும்: தடிப்பைக் கடத்தாறால் வகுத்தது. காற்றோ புகையோ ஒரு மேற்பரப்பைத் தழுவி ஓடும்போது அங்கேயும் ஒரு தடை உண்டு: ஒன்றை மேற்காவுகைக் குணகத்தால் வகுத்தது. மின்தடைகளைத் தொடரில் கூட்டுவது போலவே இவற்றையும் கூட்டலாம்.

புகையிலிருந்து காற்றுக்குப் போகும் வழியைத் தாளில் கீறினேன். எண்கள் சிறியவை என்பதால் ஆயிரத்தால் பெருக்கிச் சொல்கிறேன். குழாய்க்குள் ஓடும் புகையின் குணகம் சதுர மீற்றருக்கு, பாகைக்கு 30 வாட் அளவு, தடை 33. வெளியே ஓடும் காற்றுக்கும் அதே அளவு, தடை 33. நடுவில் 6 மில்லிமீற்றர் இரும்பு, கடத்தாறு 50, அதன் தடை 0.12.

அந்த 0.12 ஐப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். மொத்தம் 67 இல் இரும்பின் பங்கு 0.2% கூட இல்லை. குழாயைப் பாதித் தடிப்புக்கு மாற்றினாலும், செம்பில் செய்தாலும், வெள்ளியில் செய்தாலும் ஒன்றும் நடக்காது. கையால் தொட்டு உணரக்கூடிய, கனமான, கண்ணுக்குத் தெரியும் அந்தச் சுவர் வெப்பத்துக்கு ஒரு சுவரே அல்ல. வெப்பத்தை மறிப்பது அதன் இருபக்கமும் ஒட்டி நிற்கும், கண்ணுக்குத் தெரியாத வாயுப் படலங்கள். இரண்டு வாயுக்களுக்கு நடுவே வெப்பம் மாற்றும் எந்தக் கருவிக்கும் இது பொருந்தும்.

சுத்தமான குழாய்க்கு மொத்தத் தடை 67 என்றால் அதன் தலைகீழான ஒட்டுமொத்தக் குணகம் 15. குழாய்களின் மொத்தப் பரப்பு 43 சதுர மீற்றர். புகை 700 பாகையில் நுழைந்து 250 இல் வெளியேற, காற்று 25 இலிருந்து 95 க்கு ஏறும்போது மடக்கைச் சராசரி வெப்பநிலை வேறுபாடு (இரு முனைகளிலும் உள்ள வேறுபாடுகளிலிருந்து மடக்கை கொண்டு எடுக்கும் சராசரி) 384 பாகை. மூன்றையும் பெருக்கினால் 248 கிலோவாட். தகட்டோடு ஒத்துப்போகிறது. அடுப்பைச் செய்தவர்கள் கணக்கை ஒழுங்காகப் போட்டிருக்கிறார்கள்.

இப்போது நடப்பது என்ன? அண்ணன் முதல் நாள் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. சிம்னியில் துளையிட்டு வெப்பவிணையை விட்டோம். 340 பாகை. இருக்க வேண்டியது 250. மணிக்கு எரியும் விறகையும் புகையின் ஒட்சிசனையும் கொண்டு பார்த்தால் புகையின் ஓட்டம் விநாடிக்கு அரைக் கிலோ. ஒவ்வொரு பாகைக்கும் 0.55 கிலோவாட். 90 பாகைக்கு 50 கிலோவாட்.

தேடிய ஐம்பதும் அங்கேதான் இருந்தது. கூரைக்கு மேலே, மழைக்குள் போய்க்கொண்டிருந்தது.

நெருப்பு பலவீனமாக இருந்தால் காற்றும் குளிர்ந்திருக்கும், சிம்னியும் குளிர்ந்திருக்கும். காற்றின் ஓட்டம் குறைந்திருந்தால் காற்று அதிகமாகச் சூடேறியிருக்கும். காற்று குளிர்ந்து சிம்னி சூடேறியிருக்கிறது, அடுப்படியில் பிறந்த வெப்பம் குழாயைக் கடக்கவில்லை. இடையில் புதிதாக ஒரு தடை முளைத்திருக்கிறது. 199 கிலோவாட்டுக்கும் 340 பாகைக்கும் பொருந்தும் ஒட்டுமொத்தக் குணகம் 10.3 என்று வந்தது. மொத்தத் தடை 97, அதில் 30 புதியது.

புகைக்கரியின் கடத்தாறு 0.1 அளவு. 30 தடைக்கு வேண்டிய தடிப்பு 3 மில்லிமீற்றர். அதே தடை இரும்பில் வர வேண்டுமானால் ஒன்றரை மீற்றர் தடித்த இரும்பு வேண்டும்.

மெக்கானிக்குக் கொடுத்த பதிலும் இதிலேயே இருந்தது. விசிறியின் ஓட்டத்தை 20% கூட்டினால் மேற்காவுகைக் குணகம் ஓட்டத்தின் 0.8 அடுக்கின்படி 16% ஏறும். காற்றுப்பக்கத் தடை 33 இலிருந்து 29 ஆகும், மொத்தம் 97 இலிருந்து 92 தான். விசிறிக்கு வேண்டிய சக்தியோ வேகத்தின் மூன்றாம் அடுக்காக, 73% கூடும்.

விறகைக் கூட்டியபோது நடந்தது

கரி படிந்த குழாய்களோடு 95 பாகை வேண்டுமென்றால் நெருப்பை எந்த அளவுக்கு ஏற்ற வேண்டும் என்றும் கணக்கிட்டேன். புகை 870 பாகையில் நுழைய வேண்டும், சிம்னியில் 420 ஆகும். நான் வருவதற்கு முந்தைய வாரம் ஒரு நாள் அப்படியே ஓட்டியிருக்கிறார்கள். அன்று தேயிலை நன்றாக வந்ததாம். குழாய்களின் முன்முனைகள் சிவந்து தெரிந்ததால் அண்ணனே நெருப்பை அடக்கியிருக்கிறார்.

அவர் அடக்கியது சரி. கதிர்வீசல் தனி வெப்பநிலையின் (கெல்வினில்) நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 1879 இல் ஸ்டீஃபன் அளவீடுகளிலிருந்து கண்ட விதி இது, 1884 இல் போல்ட்ஸ்மன் கோட்பாட்டிலிருந்து நிறுவினார். 700 பாகையில் ஒரு கரும்பொருள் (முழு அளவில் கதிர்வீசும் இலட்சியப் பொருள்) சதுர மீற்றருக்கு 51 கிலோவாட் வீசும், 870 பாகையில் 97. நெருப்பு 170 பாகை ஏறினால், அதை நேராகப் பார்க்கும் குழாய்த் தகட்டின் மேல் விழும் வெப்பம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. பின்னாலுள்ள குழாய்கள் கரிக்குள் உறங்க, முன்வரிசை மட்டும் எரிந்து போயிருக்கும்.

துப்புரவும் அதற்குப் பின்னும்

ஞாயிற்றுக்கிழமை அடுப்பை அணைத்து ஆறவிட்டோம். நீண்ட தண்டு பூட்டிய கம்பிப் பிரஷ்ஷை ஒவ்வொரு குழாயாக இருபுறமிருந்தும் விட்டார்கள். வந்தது ஒன்றரைச் சாக்குக் கரி. சில குழாய்களில் அது உலர்ந்த தூளாக இல்லை, தார் போலப் பளபளத்து ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டியே எடுக்க வேண்டியிருந்தது.

திங்கள் இரவு அளந்தோம். டிரையர் வாயிலில் 93 பாகை, சிம்னியில் 260. தேயிலையின் ஈரம் முதல் நாள் மூன்றரை, மறுநாள் மூன்று. பத்தரைக்கு ரோலர் பக்கத்து விளக்குகளை அணைத்தார்கள். அண்ணன் டிரையரின் தகட்டில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இப்பதான் தம்பி, போட்ட விறகு எலைக்குப் போய்ச் சேருது" என்றார். ஒட்டுமொத்தக் குணகத்துக்கு இதைவிட நல்ல வரைவிலக்கணத்தை நான் எந்த விரிவுரையிலும் கேட்டதில்லை.

குழாய்களைத் துடைப்பது முன்பும் வழக்கம்தான், மாதம் ஒரு தடவை. இந்த முறை ஏன் மூன்றே வாரத்தில் மூன்று மில்லிமீற்றர் ஏறியது? அந்தத் தார்தான் காட்டிக்கொடுத்தது. விறகுக் கொட்டகையின் கூரைத் தகரம் காற்றில் பெயர்ந்து, அடுக்கிய விறகு ஒரு மாதமாக நனைந்துகொண்டிருந்தது. 20% ஈரமுள்ள விறகு ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 14 மெகாயூல் தரும், பாதி எடை தண்ணீராக இருந்தால் 8 தான். அதனால் அதே நெருப்புக்கு விறகு கூடக் குடித்தது. உள்ளே இருக்கும் தண்ணீர் எரிதலைக் குளிரவைத்து முழுமையாக நடக்கவிடாமல் தடுக்கும். எரியாத கரியும் தாரும் புகையோடு போய்க் குளிர்ந்த குழாய்களில் ஒட்டும். படிந்த கரி வெப்பத்தை மறிக்கும், அதை ஈடுகட்ட இன்னும் ஈர விறகு போடுவார்கள், இன்னும் கரி படியும்.

மூன்று காரியங்கள் செய்தோம். சிம்னியில் நிரந்தரமாக ஒரு வெப்பமானி பொருத்தி 280 பாகையில் சிவப்புக் கோடு போட்டோம். கோட்டைத் தாண்டினால், மாதம் முடியக் காத்திராமல், வருகிற ஞாயிறே துப்புரவு. டிரையர் மானிக்குத் தகர மறைப்பை நிலையாக ஆணியடித்தோம். கொட்டகைக்குப் புதுத் தகரம் வர இரண்டு வாரம் ஆனது. அதுவரை அன்றன்றைக்கு வேண்டிய விறகை அடுப்பறையின் பின்சுவரோரம், சூடு படும் இடத்தில் அடுக்கிவைத்தார்கள்.

கரி போன பிறகு 33 உம் 33 உம் மிஞ்சுகின்றன. குழாய்களின் வெளிப்பக்கத்தில் இறகுத் தகடுகள் பற்றவைத்துப் பரப்பைக் கூட்டினால் காற்றுப்பக்கத் தடை இறங்கும், ஆனால் புகைப்பக்கத்து 33 அப்படியே இருக்கும். அந்த வரைபடத்தை எண்களோடு பயிற்சி அறிக்கையின் பின்னிணைப்பில் வைத்தேன். தகரம் அடித்து முடிந்த அன்று நான் பேராதனைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறினேன். கொட்டகையில் முதல் அடுக்கு உலர்ந்த சவுக்கு விறகு அடுக்கப்பட்டிருந்தது, சிம்னி மானி 255 இல் நின்றது.